ஒட்டிக்கொண்ட கிளை

— கையை எடும், பழனியப்பன். கண்ணாடிக்கு வெளியிலை நிண்டு பார்த்தால் போதும்.

— என்னண்ணே, புதுசா? எட்டு வருஷமா இந்தக் கடல்மீன் தொட்டியில கைய விடுறேன். பம்ப் கழுவி மாட்டுறதே நான்தானே லா.

— அதாலைதான் சொல்லுறன். நடுக்கல்லைப் பாரும். என்ன தெரியுது?

— உங்க பவளம். தண்டு பச்சை, நுனி ஊதா. இன்னும் இது என்ன இனம்னு பேரு கிடைக்கலையா?

— எங்கை கிடைக்கிறது? யூனிவர்சிட்டிப் புரொபசர் படத்தைப் பார்த்திட்டு, எலும்பைப் பார்க்காமல் கல்பவளத்துக்குப் பேர் சொல்லேலாது எண்டிட்டார். ஒரு கிளையை முறிச்சு, சதை போகக் கழுவி அனுப்பட்டாம். என்ரை கையாலை முறிக்கிறதோ? எண்பத்தெட்டிலை வாங்கின பாறையிலை பயறளவு பொட்டா ஒட்டி வந்தது. வளர்த்தது இந்த அப்புத்துரை. பினாங்கிலை வேறை ஒருத்தரிட்டையும் இல்லை. விளங்குதோ?

— விளங்குதுண்ணே.

— இல்லை, உமக்கு விளங்கேல்லை. ஒருத்தரிட்டையும் இல்லாத சாமான் உம்மட வீட்டுத் தொட்டிக்குள்ளை எப்படி வந்தது?

— அதான் அப்பவே சொன்னேனே. லங்காவியில ஒரு கூட்டாளி கொடுத்தான்.

— கூட்டாளிக்குப் பேர் இல்லையோ?

— இருக்கு. மீரா சாகிப்.

— போன மாதம் கேக்க, நோர்மா எண்டு ஒரு மலாய்க்காரி தந்தவ எண்டீர்.

— அது... ரெண்டு பேரும் சேர்ந்துதாண்ணே.

— உம்மட பொய்யும் நல்லாத்தான் வளருது. பவளத்துக்கு ஊத்துற மாதிரி அதுக்கும் சுண்ணாம்புத் தண்ணி ஊத்துறீரோ?

— ஊத்துறேண்ணே. நீங்க சொல்லிக் கொடுத்த மாதிரிதான். லிட்டில் இந்தியா வெத்தலைக் கடைச் சுண்ணாம்பு. ராத்திரி கரைச்சு, தெளியவிட்டு, காலையில மேல்தண்ணிய மட்டும் சொட்டுச் சொட்டா...

— நான் பகிடிக்குக் கேட்டனான்! அதுக்குப் பதில் சொல்லுறார், பெரிய பிள்ளை. சரி, இதுக்குச் சொல்லும். மூண்டு மாதத்துக்கு முந்தி உம்மட பவளத்திலை ஒரு சின்னக் கிளை கேட்டனான். நினைவிருக்கோ?

— கொடுத்தேனே. உடனே முறிச்சுக் கொடுத்தேனே லா.

— ஏன் கேட்டனான் எண்டு யோசிச்சீரோ?

— ஆசைக்குன்னு நினைச்சேன்.

— ஆசைக்கில்லை. சோதிக்க. அந்தக் கிளையை என்ரை பவளத்தோட முட்டவைச்சு நூலாலை கட்டினனான். ரெண்டும் வேறை வேறை எண்டால் ஒண்டையொண்டு எரிக்கும். நடுவிலை வெள்ளையா ஒரு கோடு விழும். ஒரே பவளத்திலையிருந்து வந்த துண்டெண்டால் சண்டை இல்லை, ஒட்டிக்கொள்ளும். குனிஞ்சு பாரும். கோடு இருக்கோ?

— தண்ணி அசையுதுண்ணே, சரியாத் தெரியல.

— சாட்டுச் சொல்லாதையும். கோடு இருக்கோ எண்டு கேட்டனான்.

— இல்லண்ணே.

— கட்டின நூலையும் சேர்த்து மூடிட்டுது. மீரா சாகிப்பும் நோர்மாவும் இப்ப எங்கை போச்சினம்?

— முறிச்சேண்ணே. நான்தான் முறிச்சேன்.

— என்ரை நெஞ்சைப் பிளந்து கோலாலம்பூர் ஆஸ்பத்திரியிலை போட்டிருக்கேக்கை!

— ஐயோ, அப்ப இல்லண்ணே! அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. பம்ப் கழுவ வந்த அன்னிக்கு. சுண்டுவிரல் அளவுதான். கேட்டா கொடுக்க மாட்டீங்கன்னு தெரியும். ஆசை லா. தப்புதான்.

— சுண்டுவிரலோ? ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை ரெண்டு கை விரிச்ச அகலம். ரெண்டு மாதம் கழிச்சு வந்து பார்க்க, பொத்தின கையளவு. பம்ப் விழுந்து முறிஞ்சதெண்டு கதை விட்டீர். அடியிலை சீமெந்து வேறை பூசிக் கிடந்தது. சுண்டுவிரல் முறிச்ச காயத்துக்கோ அவ்வளவு சீமெந்து?

— அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாதுண்ணே.

— ஏன் குசினிப் பக்கம் பார்க்கிறீர்? என்ரை மனிசியைச் சாட்சிக்குக் கூப்பிடப் போறீரோ?

— இல்லண்ணே. அக்காவ இதுல இழுக்காதீங்க.

— இந்த வீட்டுக் கதவுத் திறப்பை உம்மட கையிலைதானே தந்திட்டுப் போனனான்! திரும்பி வருவனோ எண்டு தெரியாமல் போன மனிசன். கூடப்பிறந்த தம்பி மாதிரி ஒருத்தன் இருக்கிறான், பார்த்துக்கொள்ளுவான் எண்டு போனனான். பவளம் போனால் போகட்டும். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு.

— அண்ணே, உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க.

— என்னைத் தொடாதையும். ஞாயித்துக்கிழமை மீன்தொட்டிக்காரர் சங்கக் கூட்டம். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவன். அதுக்குப் பிறகு நீர் இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது.

— சொல்லுங்கண்ணே. திருடன்தானே நான். முழுசா நான்தான் முறிச்சேன்னே வச்சுக்குங்க.

— வச்சுக்குங்கவோ? அதென்ன கதை?

— இஞ்சாருங்கோ, போதும் நிப்பாட்டுங்கோ! தம்பி, நீர் எழும்பாதையும். இரும்.

— அக்கா, வேணாம்க்கா. டாக்டர் சொன்னது மறந்து போச்சா?

— அதிர்ச்சியா ஒண்டும் சொல்லாதையுங்கோ எண்டு டாக்டர் சொல்லி ஒரு வருஷமாச்சு. ஒரு வருஷமா நீர் கள்ளப் பேர் சுமக்கிறீர். இனி என்னாலை பார்த்துக்கொண்டு குசினிக்குள்ளை நிக்கேலாது.

— யோகலட்சுமி, நீர் உள்ளுக்குப் போம்.

— போகமாட்டன். ஆஸ்பத்திரியிலையிருந்து போனிலை என்ன சொன்னீங்கள்? சுண்ணாம்புத் தண்ணி ஊத்த மறக்காதையும் எண்டு. தெளியவிட்டு ஊத்தும் எண்டு சொன்னீங்களோ?

— அதென்ன, உமக்குத் தெரியாதோ?

— எனக்கென்னெண்டு தெரியும்? ஒருநாளாவது கிட்ட விட்டீங்களோ? வடிவாக் கலக்கி, பால் மாதிரி ஒரு வாளி, அப்பிடியே ஊத்திப்போட்டன். விடிய எழும்பிப் பார்த்தால் மீனெல்லாம் மேலை மிதக்குது. கத்திக்கொண்டு இவருக்குத்தான் போன் பண்ணினனான். வேலைக்குப் போன மனிசன், ஃபேக்டரி உடுப்போட ஓடி வந்தவர்.

— மீன் நோய் வந்து செத்ததெண்டீர்.

— பொய் சொன்னனான். நீங்கள் தையல் பிரிக்காமல் கிடக்கிறீங்கள். வேறை என்னத்தைச் சொல்ல?

— சரி, மீன் செத்தது. பவளத்துக்கு ஒண்டும் நடக்கேல்லையே! இந்தா, என்ரை கண்ணுக்கு முன்னாலை உயிரோட நிக்குது!

— இந்தாருங்கோ. இந்தப் பேப்பரைப் பிரியுங்கோ. கவனம், நுனி முறியும்.

— உதென்ன, எலும்போ? ரெண்டு கை அகலம்... யோகம், இது எங்கை கிடந்தது?

— என்ரை சீலைப் பெட்டிக்குள்ளை. புரொபசர் எலும்பு கேட்டவரெல்லே? குடுத்துப் பேரைக் கேளுங்கோ. அதுதான் உங்கட பவளம்.

— அப்ப, தொட்டிக்குள்ளை சீமெந்து பூசி நிக்கிறது?

— அவர் தன்ரை வீட்டிலையிருந்து கொண்டுவந்து நட்டவர். அது தம்பி களவெடுத்தது.