மூணாம் நம்பர் ரோலர்

— புதுசா ஒரு ஷீட்டு எழுதுன்னுதான் சொல்றேன் நிஷாந்தி. செவ்வாக்கெழம தேதி போடு. மூணாம் நம்பர் ரோலருக்கு நேரா, நிப்பாட்டணும், வயரிங் வேலன்னு எழுது. அவ்வளவுதான்.

— மொதல்ல அப்பிடித்தான் பிளான் எழுதியிருந்தேன் ஐயா. நீங்கதான் ஃபோன் எடுத்து மாத்தச் சொன்னீங்க.

— கொழுந்து எட்டாயிரம் கிலோ வந்து கெடந்துச்சு. ரெண்டு ரோலர வச்சுக்கிட்டு என்னத்த அரைக்கிறது? தொர என்னையத்தான் கேப்பாரு. டீமேக்கர் வேலன்னா சும்மாவா, வெளங்குதா?

— வெளங்குது ஐயா. கையி வச்சா கரண்டு அடிக்குதுன்னு செல்லசாமியண்ணன் ரெண்டு வாட்டி ஆபீசுக்கு வந்து சொன்னாரு. அதக் கேட்டுத்தான் நிப்பாட்டணும்னு போட்டேன். அப்புறம் நானே அழிச்சு, ஓடும்னு எழுதுனேன். அவரு பேரையும் நேரா எழுதுனேன்.

— போனவன் போயிட்டான். இருக்கிறவங்க பொழப்பப் பாக்கணும். நாளைக்கு பொலிசு விசாரிக்க வர்றாங்க. நிப்பாட்டுன மெஷின அவனாத்தான் போட்டான்னு ஷீட்டுல இருந்தா எல்லாரும் தப்பிச்சுருவோம். நீயுந்தான்.

— அவரு தப்பிக்க மாட்டாரே.

— செத்தவனுக்கு என்னா பழி?

— ராக்காயியக்காவுக்கு இருக்கே ஐயா. நேத்து புருசனப் பொதைச்சுட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தாங்க. நெசமாவே அவருதான் போட்டாராம்மான்னு கேட்டாங்க. யாரு சொன்னதுன்னேன். நீங்க சொன்னீங்களாம்.

— வேற என்னத்த சொல்லச் சொல்ற? நான்தான் போடச் சொன்னேன்னா? இந்தா பேனா.

— ஷீட்ட மாத்திரலாம். ஓடும்னு வெளிய போர்டுல எழுதிப் போட்டது?

— போர்ட அன்னைக்கே தொடச்சாச்சு.

— நான் எழுதுன ஒடனே யாராச்சும் ஃபோட்டோ புடிச்சு லயத்து வீட்டு ஆளுங்க வாட்ஸ்அப்புல போட்டுருவாங்க ஐயா. யாருக்கு எந்த மெஷின்னு வீட்டுலயே பாத்துட்டுத்தான் வேலைக்கு வர்றாங்க. செவ்வாக்கெழம போர்டு நாப்பது ஃபோன்ல இருக்கு.

— இருக்கட்டும். அது யாரு எழுத்து?

— என் எழுத்துதான்.

— என் பேரு அதுல இருக்கா? ஃபோன்ல நான் பேசுனத யாரு கேட்டா? நீயா மாத்துனன்னு ஒரு வார்த்த சொன்னேன்னா கம்பி எண்ணப் போறது நீதான், வெளங்குதா? லயத்துல பொறந்து இந்த ஆபீசுல வந்து ஒக்காந்த பொம்பளப் புள்ள நீ ஒருத்திதான். ஒங்கம்மா நோயாளி வேற. மிரட்டல, ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பேசாம எழுதிக் குடு, அவங்க வர்றதுக்கு முந்தி நானே பொலிசுல கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துர்றேன்.

— நீங்க போக வேணாம் ஐயா. அம்மாகிட்ட சொல்லிட்டு, காலையில மொத பஸ்லயே மஸ்கெலியாவுக்குப் போயிட்டேன். அழிச்ச கையி என்னோடது, அழிக்கச் சொன்னது இன்னாருன்னு பொலிசுல எழுதிக் குடுத்துட்டுத்தான் வேலைக்கு வந்திருக்கேன்.