ரோஜருக்கு ஆறாத சொறி

— அஞ்சு கிழமையா, ஹெர்பர்ட் அண்ணன்! முப்பத்தஞ்சு நாளா ஒரு நாய்ட சொறி ஏன்ட எண்ணெய்க்கு ஆறல்லயாம். இத நான் யாருக்கிட்ட போய் சொல்லியது?

— சத்தம் போடாதீங்க மக்கீன் நானா. கடைக்கு ஆளுங்க வாறாங்க.

— வரட்டுமே! மக்கீன்ட மருந்துக்கடை எண்ணெய் தோத்துப் போச்செண்டு நானே மைக் புடிச்சு சொல்லியன். முனவ்வரா, அண்ணனுக்கு அந்தக் கதிரயப் போடு.

— போட்டாச்சு. இருங்கொ அண்ணன். ஏன்ட மாப்புளட ஏச்ச நிண்டுக்கிட்டு கேக்க ஏலாது, மிச்சம் நீளம்.

— பரவாயில்ல தங்கச்சி, நான் வாசல்லயே நிக்கிறேன். குட்டி த்ரீவீல்ல தனியா இருக்கு. என் தலை தெரியல்லன்னா கத்த ஆரம்பிச்சிரும்.

— குட்டியா? ரோஜர் எண்டெல்லா சொன்னீங்க?

— ரோஜர்ங்கிறது மேடம் வச்ச பேருங்க. அதச் சொல்லிக் கூப்புட்டா திரும்பிக்கூட பாக்காது.

— பேரு கெடக்கட்டும் முனவ்வரா! அண்ணன், கேக்கியத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கொ. வேப்பிலையும் குப்பைமேனியும் அவிச்ச தண்ணியில குளிப்பாட்டினீங்களா?

— குளிப்பாட்டினேங்க.

— சூட்டோடயா, ஆறின பொறகா?

— ஆறின பொறகுதாங்க. முழங்கைய விட்டுப் பாத்துட்டுத்தான் ஊத்தினேன். பச்சப்புள்ளைக்கு ஊத்துற மாதிரி.

— எண்ணெய்?

— ஈரத்தைத் தொடச்சு, முடியப் பிரிச்சுப் பிரிச்சு, தோலுல படுற மாதிரி.

— நக்கி எடுத்திருக்கும்.

— எப்படிங்க நக்கும்? பழைய பெயிண்ட் வாளிய அடி வெட்டி கழுத்துல மாட்டிவிட்டேன். ரெண்டு நாள் செவத்துல செவத்துல முட்டிக்கிட்டு நடந்திச்சு. அப்புறம் பழகிருச்சு.

— கேட்டியா முனவ்வரா! இவ்வளவு ஒழுங்கா செஞ்சா ஆறவே வேணும்! யட்டவத்தயில ஒரு போஸ்ட் மாஸ்டர்ட அல்சேஷன், நாவுலயில ஒரு வெங்காயத் தோட்டக்காரர்ட மூணு நாய், எல்லாம் பத்து நாளையில மினுமினுண்டு ஓடித் திரியிது. இந்த ஒரு நாய்க்கு மட்டும் என்ன வந்திச்சு?

— அதோட விதி போலங்க.

— விதியா? நேத்துக் காலையில ஒங்கட மேடம் இங்கிலாந்துல இருந்து எனக்கு கோல் எடுத்தாங்க, தெரியுமா?

— ஆண்டவரே! மேடமா? ஒங்களுக்கா? என்ன கேட்டாங்க?

— "ஹெர்பர்ட் ஒங்கட கடையில என்ன வாங்குறாரு?" எண்டு. அதுக்கு என்ன கருத்து? இந்த மக்கீன் போலி மருந்து விக்கியான் எண்டுதானே! நான் பதில் சொல்ல முந்தி "எங்க சேர் வாறாரு, நாளைக்கு பத்து மணிக்கு எடுக்கிறேன்" எண்டு வச்சிட்டாங்க. அதுக்குத்தான் இன்டைக்கு நாயையும் கொண்டு வரச் சொன்ன. ஏன்ட ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டு அவங்களுக்கு பதில் சொல்லப் போறன்.

— நானா, இன்னைக்கு மட்டும் விட்டுருங்க. நாளைக்கு எத வேணும்னாலும் சொல்லுங்க.

— ஏன், இன்டைக்கு என்ன விசேஷம்?

— பாய்ஞ்சு விழாம ஈங்கொ, அவர் சொல்லட்டும். அண்ணன், ரிட்டயர் ஆகி மகன்ட பக்கம் போன தொரைட நாய்தானே இது?

— ஆமாங்க தங்கச்சி. எல்கடுவ தோட்டத்து பங்களாவுல இருந்தாங்களே, அந்த சேர்தான். புது தொரை வந்த பொறகும் சமையலுக்கு என்னையவே வச்சுக்கிட்டாங்க. சேரும் மேடமும் நாய அனுப்புற வரைக்கும் எங்கிட்ட விட்டுட்டுப் போனாங்க. இங்கிலாந்து பெர்மிட் இந்தக் கிழமையோட முடியுதுங்க. இன்னைக்கு பின்னேரம் சேர் வீடியோவுல பாப்பாரு. சொறி ஆறியிருந்தா வெள்ளிக்கிழமை கொழும்பில இருந்து கூண்டு வச்ச வேன் வரும். ஆறல்லன்னா, "அந்த நாய் அங்கயே கெடக்கட்டும்"னு சொல்லிட்டாரு.

— பாத்தியா முனவ்வரா! இங்கிலாந்து போற யோகம் ஒரு நாய்க்கு வந்தும், ஏன்ட எண்ணெயால கெட்டுப் போகப் போகுது!

— ஒங்கட எண்ணெய கொஞ்சம் கீழ வைங்கொ. அண்ணன், நாய் சாப்பிடுதா?

— ரெண்டு தட்டு சாப்பிடுதுங்க.

— நித்திரை?

— கொறட்டை விட்டுத் தூங்குதுங்க.

— அஞ்சு கிழமையா சொறி உள்ள நாய் கொறட்டை விடுதா? எங்கட சாச்சிட ஆட்டுக்கு சொறி வந்த நேரம் அந்த லேன்ல ஒருத்தருக்கும் நித்திரை இல்ல.

— அது... நாய்க்கு நாய் மாறுங்க தங்கச்சி.

— இன்னொண்டும் ஈக்கி. மொத கிழமை ரெண்டு போத்தல் எண்ணெய், வேப்பிலை, குப்பைமேனி எல்லாம் வாங்கின. அதுக்குப் பொறகு நாலு கிழமையும் மஞ்சள் மட்டும்தான். எண்ணெய் எங்க?

— மீதி இருந்திச்சுங்க.

— நாலு கிழமைக்கா?

— நீ என்ன முனவ்வரா, பொலிஸ் மாதிரி! வாங்கொ அண்ணன், போய் நாயப் பாப்பம். நான் தொடமாட்டன், தள்ளி நிண்டு பாக்கியன். தொழ ஒழு எடுத்திட்டு ஈக்கியன்.

— நானும் வாறன். அந்தத் தட்டுல ஈக்கிய தேசிக்காயில ஒண்ட எடுத்துக்கிட்டு வாறன்.

— எலுமிச்சங்காய் எதுக்குங்க?

— சும்மா.

— அட, இதா அந்த நாய்? மாஷா அல்லாஹ், பஞ்சு மாதிரி வெள்ளையா ஈக்கி! என்னையப் பாத்தும் வால ஆட்டுது!

— அது எல்லாரையும் பாத்து ஆட்டும்ங்க. புது தொரைய மட்டும் பாத்து ஆட்டாது.

— காதத் திருப்பிக் காட்டுங்கொ. யா அல்லாஹ்! செக்கச்செவேலெண்டு ஈக்கி! கழுத்துலயும்! முனவ்வரா, நான் தோத்துட்டன். இது எண்ணெய்க்கு அடங்கிய சாமான் இல்ல.

— கொஞ்சம் தள்ளுங்கொ. அண்ணன், தலையப் புடிச்சிக்கொங்கொ. அந்த செகப்புல ரெண்டு சொட்டு விடப் போறன்.

— ஐயோ தங்கச்சி, வேணாங்க! எரியும்ங்க!

— புண்ணெண்டா எரியும். நாய் முனகினா அந்த நிமிஷமே நிப்பாட்டியன்.

— நானா, நீங்களாவது சொல்லுங்க!

— நான் சொல்லி அவள் எப்ப கேட்ட? விடுங்கொ, ரெண்டு சொட்டுதானே... ஹா! முனவ்வரா! இதென்ன இது? செகப்பு எங்க போச்சு? மஞ்சளா ஈக்கி!

— நாய் கத்திச்சா?

— கத்தவா? ஒன்ட கையில ஈக்கிய தேசிக்காயப் புடுங்கப் பாக்குது!

— மஞ்சளோட வெத்திலச் சுண்ணாம்பு சேந்தா செகப்பு வரும். தேசிக்காத் தண்ணி பட்டா திரும்ப மஞ்சளாகும். ஒங்கட கலியாண வீட்டில ஆலாத்தி எடுக்கக் கரைக்கிய தண்ணிதானே அண்ணன் இது? எந்த ஊர்ல சொறி தேசிக்காய்க்கு நெறம் மாறிச்சு?

— மாதாவே, என்னைய மன்னிக்கணும். காலையில பூசைக்குப் போயி, இந்தப் பொய்யோடயே சாமியார் கையால நன்மையும் வாங்கிட்டு வந்து நிக்கிறேன்.

— இருங்கொ, இருங்கொ. எனக்கு விளங்கல்ல. அப்ப உண்மையான சொறி?

— ஒங்க எண்ணெய் ஒம்பதாவது நாளே ஆத்திருச்சுங்க நானா. ஒரு பொட்டு இல்ல. உதிந்த எடத்துல புது முடிகூட மொளைச்சிருச்சு.

— ஒம்பதா? முனவ்வரா, கேட்டியா? நான் பத்தெண்டு சொன்ன, ஒம்பதுல ஆறிக்கி!

— போதும் ஒங்கட பெருமை. மனிசன் அழப் போறாரு.

— அழல்லங்க தங்கச்சி. கண்ணுல மஞ்சத்தூள் பட்டுருச்சு போல. நான் திட்டம் போட்டு செய்யல்லீங்க. சொறி ஆறின பொறகும் நல்லதுக்குத்தான்னு ஒரு நாள் மஞ்சள் பத்து போட்டு வச்சிருந்தேன். சுண்ணாம்புக் கையோட கலக்கினதுல செவந்து போச்சு. அந்த நேரம் பாத்து வீடியோ வந்திச்சு. மேடம் பாத்துட்டு, "ஐயோ, இன்னும் ஆறல்லயா ஹெர்பர்ட்? அப்ப இந்தக் கிழமை வேன் வேணாம்"னாங்க. நான் "ஆமாங்க மேடம்"னேன். அம்புட்டுத்தான். அடுத்த ஞாயித்துக்கிழமை வந்திச்சு. டூத் பிரஷ்ஷ எடுத்தேன்.

— டூத் பிரஷ்ஷா?

— தோலுல படாம முடி நுனியில மட்டும் பூசணும்ல. சுண்ணாம்பு சுட்டுறக் கூடாதுன்னு மொதல்ல என் கையில பூசிப் பாத்துட்டுத்தான் அதுக்குப் பூசுவேன்.

— இவ்வளவு பாடு எதுக்கு அண்ணன்? ஒரு நாய்க்கு?

— கைக்குள்ள அடங்குற குட்டியா வந்திச்சு தங்கச்சி. வந்த மாசமே ரத்தக் கழிச்சல். சேர் பாத்துட்டு, "இது தேறாது, ஒரு குழிய வெட்டு"ன்னாரு. நான் வெட்டல்ல. குசினியில அடுப்புப் பக்கத்துல சாக்கு விரிச்சுப் படுக்க வச்சு, கரண்டியால கஞ்சித்தண்ணி ஊத்தினேன், ஏழு நாளு. எட்டாவது நாள் எழும்பி வந்து என் செருப்பக் கடிச்சிச்சு. அந்தச் செருப்ப இன்னும் வீசல்ல. பேப்பருல இது சேரோட நாய்தான், நான் இல்லங்கல்ல. ஆனா மகன் கட்டார்ல இருக்கான், மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. பங்களாப் பின்னாடி காம்பராவுல நானும் இதும்தான். இது போயிருச்சுன்னா நான் வேலை முடிஞ்சு அந்தக் கதவத் தொறக்கவே மாட்டேங்க. என்னால முடியாது.

— அப்ப அத மேடத்துக்கிட்ட கேட்டா என்ன?

— கேக்கிறதா?

— "நாய எனக்குத் தாங்கொ" எண்டு. மூணே மூணு சொல்லு.

— முப்பத்திரெண்டு வருஷம் பங்களாவுல இருக்கேன் தங்கச்சி. "சரிங்க மேடம்", "ரெடிங்க மேடம்", "சூப் ஆறிருமுங்க மேடம்". இதத் தவிர நானா ஒண்ணும் பேசினதில்ல. தொரமாரு குடுத்தா ரெண்டு கையாலயும் வாங்குவோம். கேக்க மாட்டோம். எனக்கு அதுக்கு வாய் வராதுங்க.

— மஞ்சள் பூச மட்டும் கை வந்திச்சா?

— வந்திருச்சுங்க. அதான் எனக்கே ஆச்சரியம்.

— சரி, சரி, ரெண்டு பேரும் ஏன்ட நெலமையையும் யோசிங்கொ. பத்தாகப் போகுது. அவங்க எடுத்தா நான் என்ன சொல்லியது? ஆறல்லெண்டு சொன்னா ஏன்ட எண்ணெய்ட பேரும் போச்சு, பொய்யும் சொன்ன கணக்கு. ஆறிட்டெண்டு சொன்னா ஒங்கட நாய் போச்சு.

— ஆறல்லன்னு சொல்லுங்க நானா. ஒரே ஒரு தடவ. ஒங்க காலப் புடிக்கிறேன்.

— எழும்புங்கொ! நடு ரோட்டுல நிண்டு... ஐயோ, நாய் நக்கின கையால ஏன்ட சாரத்தப் புடிக்க வேணாம்! நான் இப்பதான் ஒழு எடுத்த!

— ஃபோன் அடிக்கிது. இங்கிலாந்து நம்பர்.

— நீ எடு முனவ்வரா.

— எனக்கென்னத்துக்கு? ஸ்பீக்கர்ல போடியன். அண்ணன் பேசட்டும்.

— தங்கச்சி, வேணாங்க, என்னால—

— மூணு சொல்லு அண்ணன். நான் பக்கத்துல ஈக்கியன்.

— ஹலோ, மக்கீன் முதலாளியா? ஷிரானி பேசுறேன். கொஞ்சம் மெதுவாத்தான் பேசணும், சேர் இன்னும் எழும்பல்ல. நேத்தும் அவர் வந்ததாலதான் வச்சிட்டேன்.

— மேடம்... ஹெர்பர்ட்ங்க மேடம்.

— ஹெர்பர்ட்! நீங்க அங்கயா இருக்கீங்க? அப்ப நல்லதாப் போச்சு, கேளுங்க—

— மேடம், மொதல்ல நான் சொல்லிர்றேங்க. இப்ப விட்டா அப்புறம் வாய் வராது. குட்டிக்கு... ரோஜருக்கு சொறி இல்லீங்க. மூணு கிழமைக்கு முந்தியே ஆறிப்போச்சு. மஞ்சளும் சுண்ணாம்பும் பூசித்தான் ஒங்களுக்கும் சேருக்கும் காட்டினேன். அனுப்ப மனசு வரல்லங்க. மேடம், நாய எனக்குக் குடுத்துருங்க. கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன். மேடம்? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேன் ஹெர்பர்ட். முதலாளி, ஒங்களுக்கும் கேக்குதா?

— கேக்குது மேடம்! ஏன்ட எண்ணெய் ஒம்பதே ஒம்பது நாளையில—

— எண்ணெய் இருக்கட்டும் முதலாளி, நேத்து நான் கேக்க வந்தது அந்த மஞ்சளப் பத்தித்தான்: பின்னேரத்துக்கு ஹெர்பர்ட்டுக்கு முடியில நல்லா ஒட்டுற மஞ்சளாப் பாத்துக் குடுங்க, எந்தக் காதுல பூசணும்னு ஒரு துண்டுல எழுதியும் குடுங்க, ஏன்னா முந்தின ஞாயிறு வலது காதுல இருந்த சொறி போன ஞாயிறு இடது காதுக்கு வந்திருச்சு, சேர் கண்ணாடி போடாமப் பாத்ததாலதான் நானும் ஹெர்பர்ட்டும் தப்பிச்சோம்.