நாற்பத்தொன்றாம் பக்கம்

பழைய விமானம் வாங்குவதும் பழைய வீடு வாங்குவதும் ஒன்றுதான் சார். புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்களா என்று பார்ப்பவன் ஏமாளி. தாய்ப்பத்திரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவன் பிழைத்துக்கொள்வான். இதை என் மகள் விமானி ஆவதற்கு முன்பே அவளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். வாங்குவதற்கு முன் அந்த விமானத்தைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டவன் நான். விபத்து விசாரணைக்கு வந்த நீங்கள் என்னிடம் நாலு கேள்வி கேட்டாக வேண்டும். இறந்த பெண்ணின் அப்பாவும் நானே என்பதால் எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிறீர்கள். யோசிக்க வேண்டாம். நீங்கள் கேட்கத் தோன்றாததையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.

முப்பத்திரண்டு வருஷம் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தேன். ஓய்வு பெற்றபின், பழைய விமானம் வாங்குகிறவர்களுக்காக அதைப் பார்த்துச் சொல்லும் வேலை. ஹேங்கரில் எனக்குக் 'காது' என்று பெயர். இன்ஜினை அணைத்ததும் அது சுற்றிச் சுற்றி ஓயும் பாருங்கள், அந்தச் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டபோது என் மகள் 'காது' என்று சொல்லிவிட்டாள். டீச்சர் என்னைக் காது டாக்டர் என்று நினைத்து, தன் மாமியாரை எப்போது அழைத்து வரலாம் என்று சீட்டு எழுதி அனுப்பினார்.

ஏழு வருஷம் மற்றவர்களுடைய விமானங்களை ஓட்டியபின் அவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கும் ஆசை வந்தது. ஒற்றை டர்போப்ராப் இன்ஜின், ஒன்பது இருக்கை. வடக்கே சாலையே இல்லாத ஊர்களுக்கு மருந்து கொண்டுபோய், நோயாளிகளை ஏற்றி வர வேண்டும். விமானம் கையில் இருந்தால் ஐந்து வருஷ ஒப்பந்தம் தருவதாகச் சுகாதாரத்துறை சொல்லியிருந்தது. அங்கேயே குடிபோக வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை.

பத்து மாதம் எங்கள் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே இல்லை. விலை ஒரு தலைவலி என்றால் சட்டம் இன்னொரு தலைவலி. நம் சொந்த உபயோகத்துக்கு என்றால் இன்ஜின் நன்றாக ஓடும்வரை ஓட்டிக்கொள்ளலாம். காசு வாங்கி ஆளை ஏற்றினால், குறித்த மணி நேரம் ஓடி முடிந்ததும் இன்ஜின் நன்றாக இருந்தாலும் பிரித்துப் புதுப்பித்தாக வேண்டும். அந்தச் செலவில் பாதி விமானம் வாங்கிவிடலாம். காப்பீட்டுக்காரர்கள் ஒன்று கேட்பார்கள், வங்கி வேறொன்று கேட்கும். எல்லாரும் ஒத்துப்போவது ஒரே விஷயத்தில்தான்: காதின் கையெழுத்து வேண்டும். "இவ கல்யாணத்துக்கு இவ்வளவு பேசியிருந்தா இந்நேரம் பேரன் பள்ளிக்கூடம் போயிருப்பான்" என்பாள் என் மனைவி, குழம்புப் பாத்திரத்தை மகளுடைய காகிதங்கள் மேலேயே வைத்துவிட்டு.

முதலில் பார்த்த விமானம் ஒரு டாக்டருடையது. அவர் நோயில் போய்விட்டார், மனைவி விற்க நினைத்தார். மூன்று நாள் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், என் வாழ்நாளில் அவ்வளவு நல்ல நிலையில் ஒரு பழைய விமானத்தைத் தொட்டதில்லை. மனுஷன் அதைக் குழந்தை மாதிரி வைத்திருந்தார்.

இன்ஜினுக்குள் ஒரு சக்கரம் உண்டு, டர்பைன் தட்டு என்போம். இன்ஜினை எத்தனை தடவை கிளப்பினோமோ அத்தனை வயது அதற்கு. அது பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் இருக்க வேண்டும். நடுவில் ஒரு பக்கம் இல்லையென்றால் அதற்கு வயதே தெரியாது என்று ஆகிவிடும். புதிதாக மின்னினாலும் சட்டப்படி அது காயலான் கடைக்குத்தான். மாற்றுகிற செலவைக் கேட்டால் எந்த வங்கியும் கதவைச் சாத்திவிடும்.

நான் நாற்பத்தொன்றாம் பக்கத்தை எடுத்தேன். கிழிக்கவில்லை. கோப்பின் கம்பியைத் திறந்து, ஒரு தாளை எடுத்துவிட்டு, மூடினேன். அது இந்த மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. ஒரு மடிப்புகூட விழவில்லை.

அவளைப் பிரிய முடியவில்லை சார், வேறொன்றும் இல்லை. ஒரே பிள்ளை. காலையில் அவள் செருப்பு வாசலில் கிடந்தால்தான் எனக்குக் காப்பி இறங்கும். அதோடு, விமானங்கள் லாரியில் தார்ப்பாய் போர்த்தி வீடு திரும்புவதை நான் நிறைய பார்த்தவன். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிற வேலையும் என்னுடையதாக இருந்தது.

பக்கம் இல்லை என்று சொன்னதும் அவள் அழவில்லை. என் தோளில் தலையை வைத்துக்கொண்டு, "நல்லவேளைப்பா. நீங்க இல்லன்னா நான் மோசம் போயிருப்பேன்" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். டாக்டரம்மாதான் பாவம், அந்தத் தாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். கணவருடைய கோட்டுப் பைகளைக்கூடத் துழாவிப் பார்த்ததாக ஃபோனில் சொன்னார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

இரண்டாவது விமானத்தில் அவ்வளவு சிரமம் இல்லை. இறக்கையின் அடியில் கொஞ்சம் அரிப்பு. தேய்த்துப் பூச்சு அடித்தால் போய்விடும். அரிப்பின் ஆழத்தைக் குறிக்கும்போது ஒரு எண்ணை மாற்றி எழுதினேன். அந்த விமானமும் கைவிட்டுப் போயிற்று. இந்தத் தடவை அவள் தோளில் சாயவில்லை. அறிக்கையை இரண்டு தடவை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது, நீங்கள் விசாரிக்க வந்திருக்கும் விமானம். காகிதங்கள் கச்சிதம். இறக்கை கச்சிதம். விற்பவரின் ஆள் இன்ஜினைக் கிளப்பிக் காட்டினார், நன்றாகவே ஓடியது. அணைத்தபோதுதான் கேட்டேன். ஓயும்போது மெல்லிசாக ஒரு உரசல், கடைசியில் சட்டென்று ஒரு நிற்பு. பேரிங் போய்க்கொண்டிருந்தது. எண்ணெயில் உலோகத் துகளும் இருந்தது, ஆனால் விதிப்புத்தகம் அனுமதிக்கிற அளவுக்குள். ரொம்ப நாள் ஓடாத இன்ஜின் அப்படித்தான் நிற்கும் என்றார் விற்பவரின் ஆள். அவர் சொன்னதிலும் சட்டப்படி தப்பில்லை. எனக்குச் சாட்சி என் காது மட்டும்தான்.

"இது வேண்டாம்மா, சத்தம் சரியில்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"மொதல்ல பேப்பர் சரியில்ல. அப்புறம் ரெக்கை சரியில்ல. இப்ப சத்தமா? சட்டப்படி ஏதாவது தப்பு இருக்காப்பா?"

"சட்டப்படி இல்ல. ஆனா..."

"ஒரு வருஷத்துக்கு முன்னாடி காது சொல்லியிருந்தா நான் கண்ண மூடிட்டு கேட்டிருப்பேன்."

அப்புறம் கோபமே இல்லாமல் ஒன்று சொன்னாள். "உங்களுக்கு மனசு வரலன்னா விடுங்க. வேற இன்ஸ்பெக்டர கூட்டிட்டு வரேன். டாக்டரம்மா விமானத்தயும் அவர் ஒரு தடவ பாக்கட்டும். அந்தப் பக்கம் இருந்துச்சுன்னு அந்தம்மா அடிச்சு சொல்றாங்க."

அந்த நிமிஷம் நான் இழுப்பறையைத் திறந்திருக்கலாம். இதோ பாரம்மா, முதல் விமானம் தங்கம், நான் பொய் சொன்னேன், இது எமன், இப்போது சொல்வது நிஜம் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். டாக்டரம்மாவின் விமானம் அப்போதும் விற்காமல்தான் நின்றது. ஆனால் அதற்கப்புறம் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று யோசித்தேன். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். சத்தத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

கிளம்புகிற அன்று என் மனைவி வாசல்வரை போய், "அப்பா நல்லா பாத்துட்டாராடி?" என்று கேட்டாள். "பாத்துட்டாரும்மா. காது வச்சே பாத்துட்டார்" என்றாள் மகள். என் மனைவிக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் இப்போது உள்ளறையில் படுத்திருக்கிறாள். நான் பேசுவது கேட்காது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் பேப்பரில் அது எங்கேயும் இருக்காது.

வடக்கே குடிபோன இரண்டாவது வாரத்திலேயே அவளுக்கு மனத்தாங்கல் தீர்ந்துவிட்டது. மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்வாள். ஊர்க்கதை எல்லாம் சொல்லிவிட்டு, "இருங்கப்பா, உங்க நண்பன் பேசணுமாம்" என்று ஃபோனை இன்ஜின் பக்கம் நீட்டியபடி இன்ஜினை அணைப்பாள். நான் கேட்பேன். "எப்படிப்பா இருக்கு?" என்பாள். ஒன்பது ஞாயிறு அப்படிக் கேட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் உரசல் கூடிக்கொண்டே வந்தது. வேண்டாம், பறக்காதே என்று சொன்னால், அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொன்னாலும் பேச்சு நாற்பத்தொன்றாம் பக்கத்தில்தான் போய் நிற்கும். அதனால் ஒன்பது தடவையும், "நல்லா இருக்கும்மா" என்றேன்.

ஒன்பதாவது ஞாயிறு, "கொஞ்சம் மாறின மாதிரி இல்ல?" என்று அவளே கேட்டாள். பக்கத்தில் யாரோ பெண் சிரிக்கும் சத்தம். விபத்தில் அவளுடன் இறந்த நர்ஸாக இருக்கும்.

"ஃபோன்ல அப்படித்தாம்மா கேக்கும்" என்றேன்.

"காது சொன்னா சரி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை பேரிங் உடைந்து இன்ஜின் நின்றது. நர்ஸுக்கு இரண்டு குழந்தைகள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

இந்தாருங்கள், அந்தப் பக்கம். டாக்டரம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். அந்த விமானம் இன்னும் இருபது வருஷம் ஓடும், யாராவது நல்லவர்கள் வாங்கட்டும். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என்னை எங்கே கூட்டிப் போனாலும் எனக்குப் பயமில்லை சார். கடைசிவரை என் மகள் என்னைப் பற்றி ஒரு தப்பும் தெரிந்துகொள்ளாமல் போனாள். எந்தக் குறையும் வைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டேன் என்ற நிம்மதி எனக்கு இருக்கிறது.