பெருவிரல் மறைத்த பெயர்

மேடையில் வீற்றிருக்கும் சுரங்கத் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, மறைந்த ஓபல் ஹைனர்மன் அம்மையாரின் மகள் ரீட்டா அவர்களே, இரு கட்சித் தோழர்களே!

கழுதைச் சின்னத்துக்காக நாற்பத்தாறு ஆண்டுகள் இந்த மலைச்சரிவில் வீடு வீடாக ஏறி இறங்கிய அம்மையாரைப் பற்றிப் பேச, யானைச் சின்னத்தின் மாவட்டத் தலைவனுக்கு என்ன தகுதி? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அதிபர் தேர்தலில் நம் மாவட்டம் முதன்முதலாக யானைக்கு வாக்குகளை அள்ளிக் கொடுத்த மறுநாள், "யுகமே மாறிப்போச்சுக்கா!" என்று அவர் வீட்டில் போய்க் கொக்கரித்தேன். பீன்ஸில் கல் பொறுக்கியபடியே சொன்னார்:

"கோவத்துல ஒரு தடவ மாத்திப் போட்டா அது யுகமாடா, டெல்மர்? அடுத்த தடவயும் போடணும், அதுக்கடுத்த தடவயும் போடணும். நம்ம ஊர் போலீஸ் தலைவர் ஷெரிப் இருக்காரே, அவர் தேர்தல் வரைக்கும் அது இறங்கணும். கடைசியா, மாறினதே எவனுக்கும் ஞாபகம் இருக்கக் கூடாது. அன்னைக்கு வந்து கொக்கரி."

அப்படியே நடந்தது! மூன்று அதிபர் தேர்தல்கள். பிறகு ஷெரிப். பிறகு பள்ளிக் குழு.

போன இலையுதிர் காலத்தில் வாக்குக் கேட்கப் போன இடத்தில், வாலி பர்டெட் வீட்டு வாசலில் அம்மையாரும் நானும் எதிரெதிரே மாட்டிக்கொண்டோம். "எங்கப்பா காலத்துலேருந்து யானைதான்" என்றான் வாலி. அம்மையார் பையிலிருந்து ஒரு பழைய அட்டையை எடுத்து நீட்டினார். கழுதைக்கே வாக்கு என்று அவன் அப்பா கையெழுத்திட்ட அட்டை.

"இது எங்கப்பா கையெழுத்தே இல்ல."

நானும் சிரித்தேன். "ஏன்க்கா செத்தவரை இழுக்கறீங்க? அவர் எப்பவும் யானைதான்."

அவர் என்னையே பார்த்தார். அட்டையின் அடியில் பெருவிரலை அழுத்திப் பிடித்திருந்தார். அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததும், அம்மா எனக்குத் தரச் சொன்னதாக ரீட்டா ஒரு பெட்டியைக் கொடுத்தார்; உள்ளே அம்மையார் சேர்த்து வைத்த வாக்குறுதி அட்டைகள். வாலியின் அப்பா அட்டைதான் மேலே இருந்தது. அடியில், உடன் சென்ற கட்சித் தொண்டரின் கையெழுத்து. டெல்மர் ஸ்டம்ப். நான்!

நண்பர்களே, கையெழுத்து என்னுடையதுதான். அந்த நாள் எனக்கு நினைவில்லை. கழுதைக்காக ஒரு படி ஏறியதாகக்கூட நினைவில்லை. பெட்டியில் நூற்றுப்பன்னிரண்டு அட்டைகளில் என் பெயர் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் என்னோடு வாயாடிய அந்த அம்மா, ஒருநாளும் அதை என் முகத்தில் வீசவில்லை. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் அழுகை வருகிறது. அந்தக் கையெழுத்தை நினைத்தால் பயம் வருகிறது.

சிரிக்காதீர்கள். உங்கள் அட்டைகளும் அதில் இருக்கின்றன!

அம்மையார் விட்ட இடத்திலிருந்து நான் நடப்பேன். வாக்குக் கேட்க அல்ல, இந்த அட்டைகளைக் காட்டுவதற்காக. நாளை நான் ஏறும் முதல் வீடு வாலியின் வீடு. அதே அட்டையை நீட்டுவேன். இந்த முறை பெருவிரல் வைக்காமல்.