மூடியில் ஒரு பள்ளம்

— இந்தப் பல்தடத்துக்கு அம்பதாயிரம். போதுமா முதலாளி?

— பேனா மூடியோட அச்சுன்னு சொல்லு கணக்கம்மா. வெளிநாட்டுக் கம்பெனி ஏஜெண்டு ஆனதும் பேச்சே மாறிப்போச்சு!

— உங்ககிட்ட கணக்கு எழுதினப்போ கத்துக்கிட்ட பேச்சுதான். பேனா உடம்போட அச்சைக் கொடுத்துட்டீங்க. இதையும் கொடுத்தா கிளம்பிடுவேன்.

— கொண்டுபோய் உருக்கிடுவீங்க... இத்தனை வருஷம் அவங்க பேனாவை அப்படியே அடிச்சு வித்தேன். ஒருத்தன் ஏன்னு கேட்டானா?

— அப்போ இறக்குமதி வரியே விலைக்கு மேல இன்னொரு விலை. இங்க அவங்க பேனாவை யார் வாங்கினா? விக்காத ஊர்ல பேரைக் காப்பாத்தி என்ன பண்றது?

— இப்போ வரி போச்சு...

— சரக்கு வருது, கூடவே வக்கீல் வர்றார். ‘உங்க துணியை நாங்க வாங்கறோம், வரியை எடுங்க, எங்க பேருக்குக் காவல் போடுங்க’ன்னு ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சாச்சு.

— பேர்ல ஒரு எழுத்தை மாத்தித்தானே போட்டேன்!

— வாய்விட்டுச் சொன்னா ரெண்டும் ஒண்ணுதான். அந்த யோசனையே என்னோடது, மறந்துட்டீங்களா?

— மறப்பேனா? அந்தத் தகர ஷெட்டு, மெஷின் சூடு... முதல் மூடியை நீ உள்ளங்கைல வெச்சு ஊதி ஊதி ஆறவெச்சது...

— ஒரு லட்சம்.

— போம்மா.

— அசல்ல இந்தப் பள்ளமே கிடையாது. மாதிரிப் பேனாவை யாரோ கடிச்சு வெக்க, அதையும் சேர்த்து அச்செடுத்த மகராசன் நீங்க!

— யாரோவா? கூட்டல் தப்பினா பேனாவைக் கடிக்கிறது யாரு?

— ஐயோ... ஊர்ப் பிள்ளைங்க எல்லார் பையிலயும் என் பல்லு!

— இப்போ வந்து இறங்கின பள்ளம் இல்லாத அசலை, போலின்னு கடைக்காரன் மூஞ்சிலயே வீசினாங்களே!

— ரெண்டு லட்சம். ஆமா... அச்சுக்காரர் அப்பவே கவனிக்கலையா?

— கவனிச்சார். அடைச்சுத் தர்றேன்னார். நான்தான் வேண்டாம்னேன்.

— ஏன்?

— உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சுன்னு நீ வந்து சொன்னது அன்னைக்குத்தான்.

— மூணு லட்சம்.

— அதனால கம்பெனிகிட்ட சொல்லிடு. கேஸ் போடட்டும். மூடி கிடைக்காது.

— கம்பெனி மூடியைக் கேக்கவே இல்லை முதலாளி. பேர் இருக்கிறது உடம்புல. அவங்களுக்கு அது போதும். இவ்வளவு நேரம் ஏத்திக்கிட்டுப் போனது என் சொந்தக் காசு... மூடி அச்சை நீங்களே வெச்சுக்குங்க. அச்சு உங்களுது, பல்லு என்னுது. நடுவுல சொல்லாத ஒரு வார்த்தை மட்டும், ரெண்டு பேர் கணக்குலயும் பாக்கி.