கிணற்றின் முதல் தண்ணீர்

எனக்குப் பகலில் தூக்கம் சரியாக வருவதில்லை, ஐயா. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ராத்திரி வேலை. காலையில் ஊருக்கு வந்து படுத்தால், அப்பா விட்டுப்போன மானாவாரி நிலத்தைப் பற்றியே யோசனை ஓடும். புதுக் கிணறு வெட்டுகிறவர்களுக்கு சர்க்கார் மானியம் தருகிறது என்றார்கள். எழுதிக் கொடுத்தேன்.

பாதி மானியம் முதலிலேயே வந்தது. மீதி, பிளாக் ஆபீசர் வந்து கிணற்றில் தண்ணீரைப் பார்த்த பிறகு. தண்ணீர் இல்லையென்றால் வாங்கியதையும் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாதவன் நிலம் ஜப்திக்குப் போகும். என் பங்காளி ஒருவனுக்குப் போயிற்று.

கிணறு வெட்டியவன் செங்கல்வராயன். நல்ல வேலைக்காரன். எவ்வளவு பாறை உடைத்தும் அடியில் ஈரம்கூட இல்லை. கடைசி வெடியை வைத்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு குடியாத்தம் திருவிழாவுக்குப் போய்விட்டான். அந்த வாரத்தில்தான் ஆபீசர் வருவதாக இருந்தது.

பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. கேட்பாரில்லாமல் கிடைத்தது ஷாப்புத் தண்ணீர் ஒன்றுதான். சுண்ணாம்புக் குழித் தண்ணீர் நாறும். பட்டைத் தண்ணீர் சிவப்பு. கப்பலேறும் தோலில் பூச்சி விழாமலிருக்க முக்கியெடுக்கிற தொட்டித் தண்ணீர் மட்டும் தெளிவாக இருக்கும். அதில் பாஷாணம் கரைப்பார்கள். கரைக்கிற வேலை என்னுடையது. பீப்பாய் வண்டியில் கொண்டுபோய்க் கிணற்றில் ஊற்றினேன். பார்க்கத்தானே தண்ணீர் என்று நினைத்தேன்.

ஆபீசர் கோதண்டராமன் எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, பரந்தாமா" என்றார். அதற்குள் செங்கல்வராயனும் அவன் மனைவி அமிர்தவள்ளியும் வந்து சேர்ந்தார்கள்.

"பாத்தியாடி, இந்தப் பாறை என்னை இன்னா பாடு படுத்திச்சி. கடைசி வெடியில வாயத் தொறந்துடுச்சி பாரு."

தன் வெடியில் ஊற்று வந்ததாக அவன் நம்பினான். அவன் கண் கலங்கியிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊற்று கண்டால் முதல் தண்ணீர் வெட்டினவனுக்கு. நிலக்காரன் தன் கையால் வார்க்க வேண்டும். அதை நான் மறந்துபோயிருந்தேன். ஆபீசர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"இன்னாண்ணே, யோசிக்கிறே? தண்ணிக்குமா கஞ்சத்தனம்? வார்த்து வுடு" என்றான் செங்கல்வராயன்.

தமக்கும் ஒரு வாய் வேண்டும் என்றார் ஆபீசர். "வெயில்ல வந்திருக்கீங்க, உங்களுக்கு இளநீர் வெச்சிருக்கேன்" என்று ஓடிப்போய் வெட்டிக் கொடுத்தேன். பிறகு செங்கல்வராயனுக்கு வார்த்தேன். ஒரு சொம்பு நிறையக் குடித்தான்.

"ஒரு மாதிரி இருக்குதே" என்றான்.

"தோல் ஷாப்புக்காரர் கிணத்துல சர்பத்தா ஊறும்? நம்ம பக்கம் எந்தத் தண்ணிதான் நல்லா இருக்குது?" என்று அமிர்தவள்ளி சிரித்தாள். ஆபீசரும் சிரித்தார். கையெழுத்துப் போட்டார்.

விடிவதற்குள் அவன் செத்துப்போனான். வாந்திபேதி. திருவிழாக் கூட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்த காலரா என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். பாடையில் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன்.

காரியத்தன்று அமிர்தவள்ளி குடத்தோடு வந்தாள். "அவரு கடைசியா வெட்டுன கிணறுண்ணே. படையல்ல வெச்சிட்டு, புள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒரு வாய் குடுக்கணும்."

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்டிருப்பாள். மீதி மானியம் இன்னும் கைக்கு வரவில்லை. நானே இறைத்துக் குடத்தை நிரப்பினேன். கனமாக இருந்ததால் அவள் இடுப்பில் தூக்கியும் வைத்தேன்.

குடத்தில் மிச்சமிருந்ததை டாக்டர் சோதித்துவிட்டார் என்கிறீர்கள். அப்படியானால் மறைக்க ஒன்றுமில்லை. செங்கல்வராயனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தண்ணீர் கேட்டு வந்த ஒரு விதவையை வெறும் குடத்தோடு அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.