மூட்டையில் போன புத்தகங்கள்

காலையில் கேட்டது இன்னும் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. எனக்கும் கல்யாண வயதில் ஒரு மகன் இருக்கிறான். திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பேருந்து நின்றுவிட்டது. முன்சீட்டில் இருந்த பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

“பொண்ணு வூட்டுக்காரங்க வர்றதுக்கு முன்னாடி, எம்புள்ள புக்கையெல்லாம் மூட்டை கட்டி காயலான் கடையில போட்டுட்டேன்க்கா.”

“இன்னாத்துக்குடி?”

“கன்டெய்னர் யார்டுல வேல செஞ்சு வாங்குற கொஞ்சூண்டு சம்பளத்தையும் புக்கு, சைக்கிளு, டிக்கெட் எடுத்து கச்சேரின்னு உட்டா எவன் பொண்ணு குடுப்பான்? சைக்கிள ஒளிச்சிட்டு, பக்கத்து வூட்டு பைக்கை வாசல்ல நிறுத்துனேன்.”

“குடிகாரனா இருந்தா, கட்டிவெச்சா திருந்துவான்னு சொல்லியாவது குடுத்திருப்பாங்க.”

“அதான்க்கா! அவங்க எதிர்லயே ‘பைக்கு என்னுது இல்ல’ன்னுட்டு, சைக்கிளத் தேடி எடுத்துகினு பூட்டான். நாலு நாளாச்சு. போனும் எடுக்கல.”

“புக்கையாவது திரும்ப வாங்கி வையேன்டி, வந்துருவான்.”

“போனேன்க்கா. கடைக்காரரு மலை மாதிரி கெடக்குற பேப்பரக் காட்டி, ‘இன்னா புக்கும்மா, பேரு சொல்லு, தேடலாம்’னாரு.”

“சொன்னியா?”

“ஒரு பேரும் தெரியலக்கா. பத்து வருசமா தெனம் அதுங்க மேல தூசி தட்டுனவ நானு.”